கண்டியின் ஜோர்ஜ் ஈ. டி சில்வா: வாக்குரிமையும் சபையும்

உள்ளூராட்சி சபைக் கூட்டம் என்றதும் வாக்குவாதங்களும் வெளிநடப்புகளுமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. குடிநீர், வடிகான், சந்தை, மயானம் என அன்றாட வாழ்வைத் தொடும் விடயங்கள் அச்சபைகளிலேயே முடிவாகின்றன என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். கண்டி மாநகரசபை உறுப்பினராக விளங்கி, நாட்டின் அமைச்சராகவும் உயர்ந்த ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் வாழ்வு இவ்வேளையில் எண்ணிப் பார்க்கத்தக்கது.

1879ஆம் ஆண்டு மாத்தறையில் பிறந்த அவர், கண்டியில் சட்டத்தரணியாகத் தொழில் புரிந்தார். பிரபுக் குடும்பங்களின் செல்வாக்கு மேலோங்கியிருந்த மலைநாட்டுத் தலைநகரில் அவர் வெளியூரவர். 1865ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் உருவான கண்டி மாநகரசபைக்கு நீண்டகாலம் அரசாங்க அதிபரே தலைமை வகித்தார். வாக்குரிமையோ சொத்துள்ள சிலருக்கு மாத்திரமே இருந்தது. இத்தகைய சூழலில் சாமானிய மக்களின் குரலாக அவர் அரசியலில் நிலைபெற்றார்.

சபையின் முடிவுகள் யாருக்காக என்பதை, அச்சபையைத் தெரிவு செய்வோர் யார் என்பதே தீர்மானிக்கின்றது. அவரது துணைவியார் அக்னஸ் டி சில்வா இதனை நன்குணர்ந்திருந்தார். 1927இல் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் அவர் டொனமூர் ஆணைக்குழு முன் சாட்சியமளித்தார். தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என ஆணைக்குழு வினவியபோது, அவர்களும் பெண்களே, அனைத்துப் பெண்களுக்கும் அது உரியது என்ற நிலைப்பாட்டில் அவர் உறுதியாக நின்றார். மலையகத் தமிழர் மறக்கலாகாத பதில் அது.

1931இல் சர்வஜன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. எனினும் இந்தியத் தொழிலாளர் விடயத்தில் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. அவ்வாண்டு அரசாங்க சபைக்குக் கண்டியிலிருந்து ஜோர்ஜ் டி சில்வா தெரிவானார். உள்ளூராட்சி மன்றங்களைப் போன்றே அச்சபையும் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து இயங்கியது. குழுவின் தலைவரே அமைச்சர். 1942இல் அவர் சுகாதார அமைச்சரானார். 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியா கொள்ளைநோயில் பல்லாயிரம் உயிர்களைப் பறிகொடுத்த நாட்டில், நுளம்பொழிப்புக்கான டி.டி.ரி. தெளிப்பு அவரது பதவிக்காலத்திலேயே விரிவாக மேற்கொள்ளப்பட்டது. 1946இல் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20ஆக இருந்த இறப்பு வீதம் மறு ஆண்டில் 14 அளவுக்கு வீழ்ந்தது. இதற்கு வேறு காரணங்களும் உண்டு எனினும், அத்திட்டத்தின் பங்கு சிறிதன்று.

1947இல் சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்ற அவர், தேர்தல் வழக்கொன்றின் தீர்ப்பினால் 1948இல் ஆசனத்தை இழந்தார், 1950இல் மறைந்தார். அதே 1948இல் நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும், அக்னஸ் வாதாடிப் பெற உதவிய வாக்குரிமையைத் தோட்டப் பெண்களிடமிருந்து பறித்தன. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் பாராளுமன்றம் சென்ற மலையகப் பிரதிநிதிகளுள் ஒருவரேனும் 1952இல் தெரிவாக இயலவில்லை. அதன் விளைவை லயன் அறைகளும் தோட்டப் பாடசாலைகளும் பல தசாப்தங்கள் சுமந்தன.

கண்டி நகரின் பூங்காவொன்று இன்றும் ஜோர்ஜ் டி சில்வாவின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பெயர்ப் பலகையைவிடப் பெரிது அத்தம்பதியர் விட்டுச்சென்ற பாடம். வாக்களித்தோரை மாத்திரமன்றி, வாக்கற்றோரையும் நினைவிற்கொண்டு குழுக் கூட்டங்களில் அமர்பவரே உண்மையான மக்கள் பிரதிநிதி என்பது எமது கருத்தாகும்.