ரேமண்ட் ஹூட்

ரேமண்ட் மாத்யூசன் ஹூட் (மார்ச் 29, 1881 - ஆகஸ்ட் 14, 1934) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு கட்டிடக்கலைஞர் ஆவார். நியூ யார்க் நகரின் ராக்பெல்லர் மையத்தை வடிவமைத்த குழுவில் முதன்மையானவராக இவர் கருதப்படுகிறார்.

ரோட் தீவு மாநிலத்தின் பாவ்டக்கெட் நகரில் பிறந்த ஹூட், மாசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் பாரிசிலும் கட்டிடக்கலை பயின்றார். நாற்பது வயது வரை இவருக்குப் பெயர் சொல்லத்தக்க பெரும்பணி எதுவும் கிட்டவில்லை. 1922 இல் ஜான் மீட் ஹோவெல்சுடன் சேர்ந்து சிக்காகோ டிரிபியூன் கோபுரத்துக்கான போட்டியில் வென்றதே திருப்புமுனை ஆயிற்று.

ராக்பெல்லர் மையம் முதலில் ஓர் இசைநாடக அரங்கை நடுவாகக் கொண்டே திட்டமிடப்பட்டது. 1929 இல் அரங்க நிறுவனம் விலகிக்கொண்டது. அரங்கின் முன் அமையவிருந்த சதுக்கம் மட்டும் திட்டத்தில் தங்கியது. அதைச் சுற்றி அலுவலகங்களும் கடைகளும் திரையரங்குகளும் அமைந்தன. எந்த அலுவலக இடமும் சாளரத்திலிருந்து ஏறத்தாழ 8 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கலாகாது என்பது ஹூடின் கொள்கை. நடுக்கோபுரத்தின் பக்கங்கள் மேலே செல்லச் செல்லப் படிப்படியாக உள்வாங்குவது இதனாலேயே. தாழ்ந்த கட்டிடங்களின் கூரைகளில் தோட்டங்கள் அமைக்க வேண்டும் என்றும் இவர் வலியுறுத்தினார். அதற்கு அழகைக் காரணம் காட்டவில்லை. தோட்டத்தைப் பார்த்த அறைகளுக்குக் கூடுதல் வாடகை கிடைக்கும் என்று கூறியே உரிமையாளரை இணங்க வைத்தார். தோட்டங்களை இணைக்க எண்ணியிருந்த பாலங்கள் கட்டப்படவில்லை.

ஐந்தாம் அவெனியூவிலிருந்து பூம்பாத்திகளின் இருபுறமும் சரிந்து இறங்கும் நடைபாதை, தெருமட்டத்துக்குக் கீழுள்ள சதுக்கத்தை நோக்கி மக்களை இட்டுச் செல்கிறது. அங்கிருந்த கடைகளில் வணிகம் சிறக்கவில்லை. 1936 இல் பனிக்கட்டிச் சறுக்குத் தளம் அமைந்த பின்னரே கூட்டம் சேர்ந்தது. ஹூட் அதைக் காணவில்லை. 1939 நவம்பர் 1 அன்று மையத்தின் கடைசித் தறையாணி அடிக்கப்பட்டபோது அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன.