கனவில் வந்த துப்பாக்கி: மருத்துவர் ஃபனோன்

ஃப்ரான்ஸ் ஃபனோனை வன்முறையின் தத்துவவாதியாக மட்டுமே அறிந்தோர் பலர். அவரது கடைசி நூலுக்கு சார்த்தர் எழுதிய முன்னுரையோடு வாசிப்பை நிறுத்திக்கொண்டதும் இதற்கொரு காரணம் என நாம் கருதுகிறோம். அந்நூலின் கடைசி அத்தியாயம் மனநோயாளிகளைப் பற்றியது. அதை எழுதியவர் ஒரு மனநல மருத்துவர்.

1925இல் பிரெஞ்சுக் காலனியான மார்த்தினிக் தீவில் பிறந்தார். இரண்டாம் உலகப்போரில் பிரான்சின் விடுதலைக்காகப் போரிட்டுக் காயமுற்றார், பதக்கமும் பெற்றார். காக்கச் சென்ற நாட்டிலோ, அவருக்கு முன்பாக அவர் தோலின் நிறமே அறிமுகமாயிற்று. லியோனில் மருத்துவம் பயின்றபோது இந்த அனுபவத்தை ஆய்வேடாக்க முயன்றார், அது ஏற்கப்படவில்லை. நரம்பு நோயொன்றைப் பற்றி வேறோர் ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்றார். மறுக்கப்பட்ட எழுத்தே 1952இல் ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ என்ற நூலாயிற்று.

மடகாஸ்கர் மக்களின் கனவுகளை ஆராய்ந்த ஒக்தாவ் மன்னோனி, பிறரைச் சார்ந்திருக்கும் மனநிலை அவர்களிடம் முன்னரே இருந்தது என்றும், காலனியம் அதன்மேல் எழுந்தது என்றும் வாதிட்டிருந்தார். ஃபனோன் இதை ஏற்கவில்லை. 1947இல் அத்தீவின் எழுச்சி ஒடுக்கப்பட்டபோது பல்லாயிரவர் மாண்டனர்; ஒடுக்கிய படையில் கறுப்பினச் சிப்பாய்களும் இருந்தனர். ஆகவே கனவில் கறுப்புச் சிப்பாய் ஏந்திய துப்பாக்கி பாலியல் குறியீடன்று, மெய்யான துப்பாக்கியே என்றார். உளப்பகுப்பாய்வை அவர் தூக்கியெறியவில்லை. குடும்பத்துக்குள் நின்றிருந்த அதை வரலாற்றின் தெருவுக்கு அழைத்துவந்தார்.

1953இல் அல்ஜீரியாவின் பிளிதா மனநல மருத்துவமனையில் பணியேற்றார். அல்ஜீரியர் இயல்பிலேயே வன்முறையாளர், மூளை வளர்ச்சியில் பின்தங்கியோர் என்று அன்றைய அல்ஜியர்ஸ் மருத்துவப் பள்ளி கற்பித்துவந்தது. (அறிவியலின் பெயரால் எத்தனை பொய்கள் பாடமாகியிருக்கின்றன!) விழா, திரைப்படம், கைவேலை, நோயாளிகளே நடத்தும் இதழ் எனக் கூட்டு வாழ்வையே சிகிச்சையாக்கும் முறையை ஃபனோன் கொண்டுவந்தார். ஐரோப்பியப் பெண்கள் பிரிவில் அது பலித்தது. முஸ்லிம் ஆண்கள் பிரிவில் மௌனமே மிஞ்சியது. நோயாளிகளை அவர் பழிக்கவில்லை, தம் முறையையே ஐயுற்றார். அப்பிரிவினருக்கெனத் தேநீர்க்கடையும் தொழுமிடமும் வந்தன, அவர்களுடைய பண்டிகைகள் கொண்டாடப்பட்டன, கதைசொல்லி வரவழைக்கப்பட்டார். மௌனம் மெல்லக் கலைந்தது.

1954 நவம்பரில் விடுதலைப் போர் தொடங்கியது. வதைபட்டோரும் வதைத்தோரும் அவரிடமே சிகிச்சைக்கு வந்தனர். ஒருநாள் மருத்துவமனை வளாகத்தில், சிகிச்சைக்கு வந்திருந்த ஐரோப்பியக் காவலர் தாம் வதைத்த ஓர் அல்ஜீரியரை நேருக்கு நேர் கண்டார். காவலர் மரத்தில் சாய்ந்து நடுங்கினார். அந்த அல்ஜீரியரோ, தம்மை மீண்டும் பிடித்துச்செல்ல வந்துவிட்டனர் என அஞ்சிக் கழிவறையில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். அவர் கண்டது வேறு யாரையோ என்று ஊழியர்கள் வெகுநேரம் சொல்லித் தேற்ற வேண்டியிருந்தது. அந்தப் பொய்யைத் தவிர வேறு மருந்து அப்போது அவர்களிடம் இல்லை.

மனிதரைச் சிதைக்கும் அமைப்பு அப்படியே நிற்க, அதனோடு ஒத்துப்போகும்படி நோயாளிகளைத் திருத்தியனுப்புவது மருத்துவமாகுமா? 1956இல் பதவி விலகல் கடிதம் எழுதினார், நாடுகடத்தப்பட்டார். துனிஸ் சென்று விடுதலை முன்னணியின் இதழில் எழுதினார். அங்கும் மருத்துவத்தைக் கைவிடாமல், நோயாளிகள் மாலையில் வீடு திரும்பும் பகல்நேர மனநலப் பிரிவொன்றை நடத்தினார்.

இரத்தப் புற்றுநோய் முற்றிய நிலையில் கடைசி நூலை முடித்தார். 1961 டிசம்பர் 6 அன்று அமெரிக்காவில் 36ஆம் வயதில் மறைந்தார். அவரது உடல் அல்ஜீரிய மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது. ஏழு மாதங்களில் அந்நாடு விடுதலை பெற்றது. பிளிதா மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.