மெட்டுப் போட்ட சாப்ளின்

சார்லி சாப்ளின் என்றதும் நமக்கு தொளதொள பேன்ட், கைத்தடி, அந்த வாத்து நடை இதெல்லாம்தான் ஞாபகம் வரும். தன் படங்களுக்கு அவரே இசையும் அமைத்தார் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. இத்தனைக்கும் அவருக்கு நோட்ஸ் எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது!

1889 ஏப்ரல் 16-ல் பிறந்து லண்டனில் வளர்ந்தார். அப்பா, அம்மா இரண்டு பேரும் மேடைப் பாடகர்கள். சார்லிக்கு ஐந்து வயதாகும்போது ஒருநாள் மேடையிலேயே அம்மாவுக்குக் குரல் போய்விட்டது. கூட்டம் கத்த ஆரம்பித்தது. உடனே சார்லியை மேடை ஏற்றிவிட்டார்கள். பாட்டுக்கு ஜனங்கள் காசு எறிந்ததும் பாட்டை நிறுத்திவிட்டு காசு பொறுக்கினானாம் அந்தக் குட்டிப்பையன்! அம்மாவுக்குக் குரல் திரும்பவே இல்லை, பாவம். ஏழு வயதில் ஏழைகள் விடுதிக்குப் போகும் நிலைமை வந்தது.

16 வயதில் வயலினும் செல்லோவும் வாங்கி தினமும் நான்கு மணி நேரம், ஆறு மணி நேரம் பழகினார். இடது கைப் பழக்கம் என்பதால் கம்பிகளை மாற்றிக் கட்டி வாசித்தார்.

1914-ல் சினிமாவுக்கு வந்தார். அப்போது ஊமைப்படம்தான். ஒவ்வொரு தியேட்டரிலும் உட்கார்ந்து வாசிப்பவர்கள் தங்களுக்குத் தோன்றியதை வாசிப்பார்கள். அழ வேண்டிய இடத்தில் குஷியாக வாசித்துவிட்டால் படம் போச்சு! 1927-க்குப் பிறகு பேசும் படங்கள் வந்தன. எல்லாரும் வசனம் பேசினார்கள். சாப்ளின் மட்டும் பேச மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். ஆனால் ஃபிலிமிலேயே இசையைப் பதிக்கலாம் என்பதை விடவில்லை. இனி எல்லா ஊரிலும் ஒரே இசைதானே!

அப்படி வந்ததுதான் 1931-ல் 'சிட்டி லைட்ஸ்'. அவர் மெட்டை முணுமுணுப்பார், ஆர்தர் ஜான்ஸ்டன் என்பவர் எழுதிக்கொள்வார். சிரிப்புக் காட்சிக்கு சிரிப்பு மியூசிக் போடலாம் என்று மற்றவர்கள் சொன்னாலும் கேட்க மாட்டார். நாடோடி தடுக்கி விழும்போதும் இசை அழகாக, கொஞ்சம் சோகமாக இருக்கணும் என்பார். அதனால்தான் சிரிக்கும்போதே நமக்குத் தொண்டையை அடைக்குது. ஒரு காட்சியில் விசிலை விழுங்கிவிடுவார். ஒருத்தர் பாட வாயைத் திறக்கும்போதெல்லாம் இவருக்கு விக்கல் வந்து வயிற்றுக்குள்ளிருந்து விசில் சத்தம்! ஒரு நொடி தப்பினாலும் சிரிப்பு வராது.

இப்போது கம்ப்யூட்டரில் மேலே படம் ஓடும், கீழே இசை கோடு கோடாகத் தெரியும். மவுஸால் முன்னே பின்னே நகர்த்திவிடலாம். அன்றைக்கு வாத்தியக் குழு மொத்தமும் படத்தைப் பார்த்துச் சேர்ந்து வாசிக்கணும். பிசகினால் திரும்ப வாசிக்கணும்.

இதே படத்தில் பூக்காரப் பெண் வரும்போது கேட்கும் மெட்டு மட்டும் அவருடையது இல்லை. ஸ்பெயின் நாட்டு இசையமைப்பாளர் ஹோசே பதீயாவுடையது. பெயர் போடாததால் அவர் வழக்குப் போட்டு ஜெயித்தார். இது சாப்ளின் செய்த தப்புதான் என்று எனக்குத் தோணுது.

1936-ல் 'மாடர்ன் டைம்ஸ்'. உதவிக்கு வந்த டேவிட் ராக்ஸினுக்கு 23 வயதுதான். மெட்டு சரியில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னதால் ஒன்றரை வாரத்தில் வேலை போச்சு. திரும்பக் கூப்பிட்டபோது, மனசில் பட்டதைச் சொல்லத்தான் செய்வேன் என்று பேசிவிட்டுத்தான் வந்தார். பிறகு இருவரும் மாதக்கணக்கில் படத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்து வேலை செய்தார்கள். சாப்ளின் விசிலடிப்பார், பியானோவில் தட்டிக் காட்டுவார். அந்த மெட்டுக்கு 1954-ல் வேறு இருவர் வரிகள் எழுத, அது 'ஸ்மைல்' என்ற பாட்டானது.

1952-ல் அவர் வெளிநாடு போன நேரம் பார்த்து, திரும்பி வரும் அனுமதியை அமெரிக்கா ரத்து செய்தது. சுவிட்சர்லாந்தில் குடியேறினார். அந்த வருடம் வந்த 'லைம்லைட்' லாஸ் ஏஞ்சல்ஸில் 1972-ல்தான் திரையிடப்பட்டது. அதனால் 1973-ல் ஆஸ்கார் கிடைத்தது. போட்டியில் அவர் ஜெயித்த ஒரே ஆஸ்கார் அதுதான். நடிப்புக்கு இல்லை, இசைக்கு!

வயதான காலத்திலும் சும்மா இருக்கவில்லை. தன் பழைய ஊமைப்படங்களை எடுத்து ஒவ்வொன்றாக இசை சேர்த்தார். 1923-ல் எடுத்த 'எ உமன் ஆஃப் பாரிஸ்' படத்துக்கு 1976-ல் இசை போட்டு முடித்தபோது வயது 87. அடுத்த வருடம் கிறிஸ்துமஸ் அன்று காலமானார்.