தளை அறுத்த தளபதி எபமினோந்தாஸ்

கிரேக்க நாடு என்றதும் ஏதென்சும் ஸ்பார்ட்டாவுமே நம் நினைவில் எழுகின்றன. அவற்றின் நிழலில் மறைந்துபோன நகர அரசு தீப்ஸ். அதனைத் தலைநிமிரச் செய்த பெருமகனார் எபமினோந்தாஸ். வறுமையிலும் தத்துவக் கல்வியில் தோய்ந்த அவர், கி.மு. 371-இல் லியூக்த்ராப் போர்க்களத்தில் இடப்புற அணியை 50 வரிசை ஆழமுடையதாய் நிறுத்தி, வெல்லற்கரியதெனப் பெயர்பெற்றிருந்த ஸ்பார்ட்டாப் படையை முறியடித்தார்.

வெற்றி அவரைச் செருக்குறச் செய்யவில்லை. தலைமுறை தலைமுறையாக ஸ்பார்ட்டாவுக்கு அடிமைப்பட்டுக் கிடந்த மெசீனிய மக்களை விடுவித்தார், கி.மு. 369-இல் அவர்களுக்கென மெசீன் நகரை எழுப்பினார். பதவிக்காலம் கடந்தும் படை நடத்தினார் என்று தாயகமே அவர்மீது வழக்குத் தொடுத்தது, தண்டனையின்றி மீண்டார். கி.மு. 362-இல் மாந்தினியாப் போரில் புண்பட்டு உயிர்துறந்தார்.

கி.மு. 335-இல் அலெக்சாந்தர் தீப்ஸ் நகரைத் தரைமட்டமாக்கினார். போரில் வென்ற நகரம் வீழ்ந்தது. விடுதலை பெற்றோரின் நகரம் நிலைத்தது. வாளினும் அறமே நெடிது வாழும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.