முந்த்வாவிலிருந்து ஹடப்சருக்கு

ஜனவரி 3 வந்தால் சாவித்திரிபாய் பூலேயின் படத்துக்கு மாலை போடுகிறோம். 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி நடத்தியவர், வழியில் சாணி வீசப்பட்டதால் பையில் மாற்றுச் சேலையோடு போனவர் என்பதெல்லாம் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். பள்ளிக்கு வெளியே, ஆபத்தில் இருந்தவர்களுக்கு அவர் செய்ததை நாம் குறைவாகவே பேசுகிறோம்.

சதாரா மாவட்டத்து நாய்காவ் கிராமத்தில் 1831இல், மாலி சாதியில் பிறந்தவர். சிறுவயதிலேயே ஜோதிராவுக்கு மணமுடித்தார்கள். எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்தவரும் கணவர்தான். மகார், மாங் பிள்ளைகளுக்கும் கல்வி தந்ததால் இருவரும் ஜோதிராவின் தந்தை வீட்டை விட்டே வெளியேற நேர்ந்தது.

கருவுற்ற பிராமண விதவைகள் அவமானத்துக்கு அஞ்சிச் சிசுவைக் கொன்ற காலம் அது. 1863இல் அவர்களுக்காகவே ஒரு பிரசவ இல்லம் திறந்தார்கள். வந்தவள் யார், எப்படி என்ற விசாரணை இல்லை. பிரசவம் பார்த்தார்கள், குழந்தையை வளர்த்தார்கள். அப்படிப் பிறந்த யஷ்வந்த்தை 1874இல் தம் மகனாகவே தத்தெடுத்தார்கள். தண்ணீருக்கு அலைந்த தீண்டப்படாத மக்களுக்கு 1868இல் தம் வீட்டுத் தொட்டியைத் திறந்துவிட்டவர்களும் இவர்களே. குடிதண்ணீருக்கு இன்றும் ஊரில் சண்டை போடும் நமக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றாது.

1877 பஞ்சத்தில் ஜுன்னர் பகுதிக்கு நேரில் போனார் சாவித்திரிபாய். ஓதூரிலிருந்து ஜோதிராவுக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. ஆடுமாடுகள் செத்து விழுந்ததையும், பட்டினியிலும் வட்டிக்காரர்கள் ஆதாயம் பார்த்ததையும் அதில் விவரிக்கிறார். நிவாரணம் செய்த சத்தியசோதக் தொண்டர்களைப் போலீஸ் பிடித்தபோது, இவரே கலெக்டரிடம் பேசினார். தொண்டர்கள் விடுதலையானார்கள். நான்கு வண்டிச் சோளமும் வந்து சேர்ந்தது.

1890இல் ஜோதிராவ் இறந்தார். இறுதி ஊர்வலத்தில் தீச்சட்டியைத் தாமே ஏந்தி முன்னால் நடந்தார் சாவித்திரிபாய். சத்தியசோதக் சமாஜத்தின் வேலைகளையும் தொடர்ந்து நடத்தினார்.

1897இல் புனேயைப் பிளேக் சூறையாடியது. நோய் கண்டவரைப் பெற்றவர்களே நெருங்கப் பயந்த நாட்கள். சாதாரண நாளிலேயே யாரும் தொடாத மகார் குடியிருப்பில் நோயாளியைத் தூக்க யார் வருவார்? சாவித்திரிபாய் ராணுவ மருத்துவராக இருந்த யஷ்வந்த்தை வரவழைத்து, ஹடப்சர் அருகே ஊருக்கு வெளியே மருத்துவமனை தொடங்க வைத்தார். நோயாளிகளைத் தாமே தேடிப் போய் அழைத்து வந்தார்.

அப்படித்தான் முந்த்வாவின் மகார் குடியிருப்பில் பாண்டுரங் பாபாஜி கெய்க்வாட்டின் மகன் நோயில் கிடப்பதாகச் சேதி வந்தது. வண்டிக்கோ ஆளுக்கோ அவர் காத்திருக்கவில்லை. அறுபத்தாறு வயதில் சிறுவனை முதுகில் சுமந்துகொண்டு மருத்துவமனைக்கு நடந்தார். பையன் பிழைத்தான் என்பார்கள். நோய் அவரைப் பற்றிக்கொண்டது. மார்ச் 10 அன்று இரவு இறந்தார்.

யஷ்வந்த் மருத்துவப் பணியை விடவில்லை. 1905இல், இன்னொரு பிளேக் பரவலில் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துக்கொண்டிருந்தபோது அவரும் அதே நோயில் இறந்தார்.