சாய்பலகையும் நீர்க்கடிகாரமும்

விழும் பொருளின் வேகம் எவ்வாறு வளர்கிறது? இவ்வினாவை 30 ஆண்டுகளுக்கும் மேலாக நெஞ்சில் சுமந்தவர் கலீலியோ.

இத்தாலியின் பைசா நகரில் 1564ஆம் ஆண்டு பிறந்த அவரை, இசைவாணரான தந்தை வின்சென்சோ மருத்துவம் பயில அனுப்பினார். மகனின் மனமோ கணிதத்தில் ஆழ்ந்தது. பட்டம் பெறாமலேயே பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கியவர், 1589இல் அங்கேயே கணிதப் பேராசிரியராகத் திரும்பினார். 1592 முதல் பதுவா நகரில் 18 ஆண்டுகள் கற்பித்தார்.

பைசாவின் சாய்ந்த கோபுரத்திலிருந்து அவர் குண்டுகளைப் போட்ட கதையைப் பலரும் கேட்டிருப்பர். ஆயின், அவர்தம் புகழுக்கு அடித்தளமான ஆய்வு நிகழ்ந்தது ஒரு மரச்சட்டத்தில்தான். நேராக விழும் பொருள் கண்ணிமைக்கும் பொழுதில் தரையைத் தொட்டுவிடும். நொடியின் பகுதிகளைத் துல்லியமாய்க் காட்டும் கடிகாரமோ அன்று இல்லை. எனவே, விழுதலையே மெதுவாக்க எண்ணினார். ஏறத்தாழ 12 முழ நீளச் சட்டத்தில் பள்ளம் இழைத்து, அதில் வழவழப்பான தோல்தாளை ஒட்டி, ஒரு முனையைச் சற்றே உயர்த்தி, வெண்கலக் குண்டை உருட்டிவிட்டார். உயரத்தில் வைத்த பெரிய கலத்தின் அடியிலிருந்து மெல்லிய குழாய் வழியே ஒழுகிய நீரைக் கிண்ணத்தில் ஏந்தி, அதனை எடையிட்டுக் காலத்தை அளந்தார். 100 முறை செய்தும் முடிவு மாறவில்லை. காலம் இருமடங்கானால் தொலைவு நான்கு மடங்காயிற்று. சம கால இடைவெளிகளில் குண்டு கடந்த தொலைவுகள் 1, 3, 5, 7 என்னும் விகிதத்தில் வளர்ந்தன. அவற்றைக் கூட்டிக்கொண்டே வந்தால் 1, 4, 9, 16 என வர்க்க எண்கள் கிடைக்கும். ஓய்வுநிலையிலிருந்து சீரான முடுக்கத்துடன் புறப்படும் பொருளுக்கு நாம் இன்று எழுதும் சமன்பாட்டின் கரு இதுவே. அவரோ குறியீடுகளின்றி, விகிதங்களாலும் வடிவியலாலுமே இதனை நிறுவினார்.

இடையில் ஒரு தடுமாற்றமும் நேர்ந்தது. வேகம், கடந்த தொலைவுக்கேற்ப வளர்கிறது என 1604இல் நண்பர் ஒருவருக்கு அவர் எழுதினார். விதி சரியாக இருந்தது. அதற்குக் கூறிய காரணம் பிழையாக இருந்தது. பின்னர்த் தம் கருத்தைத் தாமே மறுத்து, வேகம் காலத்திற்கேற்பவே வளர்கிறது என நிலைநாட்டினார். அவருடைய கண்டுபிடிப்புகளுள் இதனையே அரியதெனக் கொள்ளத் தோன்றுகிறது.

புவி கதிரவனைச் சுற்றுகிறது என்ற கொள்கைக்காக 1633இல் திருச்சபை அவரைத் தண்டித்தது. புளோரன்சு நகரையடுத்த ஆர்செட்ரியில் வீட்டுச்சிறை; மறு ஆண்டே அன்பு மகளின் மறைவு; மங்கிவந்த கண்பார்வை; நூல்களை அச்சிடத் தடை. இவற்றினிடையே தம் இயக்கவியல் ஆய்வுகளையெல்லாம் தொகுத்தெழுதினார். கையெழுத்துப்படி நாட்டைக் கடந்து, 1638இல் ஆலந்து நாட்டின் லெய்டன் நகரில் 'இரு புதிய அறிவியல்கள்' என்னும் பொருள்படும் பெயருடன் அச்சேறியது. நூல் அவர் கைக்கு வந்தபோது இரு கண்களும் ஒளியிழந்திருந்தன. 1642 சனவரி 8 அன்று அவ்வீட்டிலேயே அவர் உயிர் பிரிந்தது.