வின்ஸ் லொம்பார்டி: 45 வயது வரை காத்திருந்த பயிற்சியாளர்

அமெரிக்கக் கால்பந்தின் உச்சப் போட்டியான சூப்பர் பவுலின் கோப்பை வின்ஸ் லொம்பார்டியின் பெயரைத் தாங்கியுள்ளது. அவர் நெடுங்காலம் பயிற்றுவித்ததோ, பெரும்பாலும் பந்தைத் தொடவே வாய்ப்பில்லாத தாக்குதல் வரிசை வீரர்களை. எதிரணியினரை உடலால் தடுத்து, பந்துடன் ஓடுபவருக்கு வழி திறந்துவிடுவதே அவர்களின் பணி.

1913-இல் நியூயார்க்கின் புரூக்ளினில், இத்தாலிய வம்சாவளி இறைச்சி வணிகரின் மகனாகப் பிறந்த லொம்பார்டி, ஃபோர்டாம் பல்கலைக்கழக அணியில் அதே வரிசையில் ஆடியவர். பின்னர் நியூ ஜெர்சி பள்ளியொன்றில் லத்தீனும் இயற்பியலும் கற்பித்தபடியே அணியையும் வளர்த்தார்.

1949-இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில், ஏர்ல் பிளைக்கின்கீழ் தாக்குதல் வரிசைப் பயிற்சியாளரானார். ஆட்டப் படச்சுருள்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பிழை காணும் முறையை அவரிடமே கற்றார். 1951-இல் தேர்வு முறைகேடு தொடர்பாகச் சுமார் 90 மாணவர்கள் வெளியேற்றப்பட்டதில் அணியே ஏறத்தாழக் கரைந்தது. அனுபவமற்ற இளைஞர்களைக் கொண்டு வரிசையை மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று.

கல்லூரி அணிகளின் தலைமைப் பொறுப்புக்கு முயன்றும் கிட்டவில்லை; தமது இத்தாலியப் பெயரே தடையென அவர் கருதினார்.

1959-இல், முந்தைய பருவத்தில் ஒரே ஆட்டத்தில் வென்றிருந்த கிரீன் பே பேக்கர்ஸ் அவரை அழைத்தது. வரிசையின் இரு காவலர்கள் முன்னோடி வழி வகுக்கும் ஆட்டமுறையே அங்கும் அவரது முதன்மை ஆயுதம். 7 ஆண்டுகளில் 5 பட்டங்கள் கிடைத்தன.

1970 செப்டம்பர் 3 அன்று, 57-ஆம் வயதில் புற்றுநோயால் காலமானார்.